விரலை எடுக்கும் வரை

எங்கள் கம்ப்யூட்டர் ரூமில் 'பீப்' என்ற சத்தத்தை ஒழித்துக்கட்டியவர் அவர்தான். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாலும் தேடிப் பிடித்து, "என்னைக் கேட்டியா?" என்று சண்டைக்கு வருவார். வந்தால் எனக்குச் சந்தோஷம்தான், பார்த்துப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் வேண்டாம்.

எண்பதுகளின் கடைசி. ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனி. தோலைப் பதனிட்டு வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள், ஷூவின் மேல்பாகத்தைத் தைத்தும் அனுப்புவார்கள். நான் அங்கே டைப்பிஸ்ட். டைப்ரைட்டரோடு நிம்மதியாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த என்னை ஒருநாள் பிடித்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். மொத்தம் நாலு கம்ப்யூட்டர். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. தூசி படக்கூடாது என்று செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஊர் உலகத்துக்கெல்லாம் ஷூ தைக்கிற கம்பெனியில் முதலாளி முதற்கொண்டு எல்லாரும் வெறுங்காலோடு நடமாடிய அறை அது. வேலைக்கு வந்த முதல் நாளே இதைச் சொல்லிச் சிரித்தவர் அவர். எங்களுக்கு அதுவரை அது சிரிப்பாகத் தோன்றியதே இல்லை.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் படமெல்லாம் கிடையாது. போட்டதும் திரையில் ஒரு பட்டியல் வரும். தோல் வரவு, ரகம் பிரித்தது, ஏற்றுமதி என்று வரிசையாக இருக்கும். ஆரோ கீயை அமுக்கினால் பட்டியல் மேல் ஒரு பச்சைப் பட்டை ஒவ்வொரு வரியாக இறங்கும். வேண்டிய வரியில் நிறுத்தி என்டர் கீயை அமுக்க வேண்டும். மெனு என்று அதற்குப் பெயர். ஓட்டல் மெனுவைப் பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறும், இந்த மெனுவைப் பார்த்தால் ஊறின எச்சிலும் வற்றிவிடும். மெட்ராஸ்காரர்கள் எழுதிக் கொடுத்த ப்ரோக்ராம் அது. தப்பான கீயை அமுக்கினால் 'பீப்' என்று கத்தும்.

கத்தினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பக்கத்திலேயே கண்ணாடித் தடுப்புக்குள் எங்கள் மேனேஜர் உட்கார்ந்திருப்பார். 'பீப்' கேட்டதும் தலையைத் தூக்கி, "யாரு?" என்பார். அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். யார் என்று தெரிந்ததும் மறுபடி தலையைக் குனிந்துகொள்வார். அந்த ஒரு வார்த்தைக்கு நாங்கள் செத்துப் பிழைப்போம். பயத்தில் அடுத்த கீயும் தப்பாகும், இன்னொரு 'பீப்' வரும், இன்னொரு "யாரு?" வரும்.

அந்த ப்ரோக்ராமைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவரை எடுத்தார்கள். என்னைவிட மூன்று நாலு வயது பெரியவர். ஆம்பூர்ப் பக்கம். "ஆம்பூரா, அப்ப பிரியாணி..." என்று யாராவது ஆரம்பித்தால், "அங்க மனுஷங்களும் இருக்காங்க" என்பார். அக்கா என்று கூப்பிட்டால் ஆபீசில் என்ன அக்கா தங்கச்சி என்பார். மேடம் என்றால் யாரோ எழுந்து நிற்கிற மாதிரி இருக்கிறது என்பார். கடைசியில் மிஸ் என்று கூப்பிட்டோம். அதற்கும் முகத்தைச் சுளித்தார், ஆனால் பொறுத்துக்கொண்டார். பருத்திப் புடவை, வலது கையில் வாட்ச், காலில் ரப்பர் செருப்பு. தோல் கம்பெனிக்கு ரப்பர் செருப்பு போட்டு வந்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

வந்த முதல் வாரம் ஒன்றுமே செய்யவில்லை. எங்கள் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நாங்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. கண்ணாடிக்குள் ஒரு ஆள் போதாதென்று முதுகுக்குப் பின்னால் இன்னொரு ஆளா என்று நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை வந்து உட்கார்ந்தோம். மதியம் வரைக்கும் ஒரு 'பீப்' கூட இல்லை. மேனேஜருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து வெளியே வந்தார்.

"இன்னாம்மா, மெஷின் ரிப்பேரா? சத்தமே காணோம்."

"மெஷின் நல்லா இருக்கு சார். சத்தத்தை நான்தான் எடுத்துட்டேன்."

"எடுத்துட்டியா? யாரைக் கேட்டு எடுத்தே? தப்பு பண்ணா எப்டித் தெரியும்?"

"பண்ணவங்களுக்கு ஸ்க்ரீன்ல அடியில ஒரு வரி வரும் சார். 'இந்தக் கீ வேணாம், இது வேணும்'னு. திருத்திக்குவாங்க."

"எனக்கு எப்டித் தெரியும்?"

"உங்களுக்கு எதுக்கு சார் தெரியணும்?"

நான் என் கீபோர்டைப் பார்த்தபடி சிலையாக உட்கார்ந்திருந்தேன். சிரித்தால் வேலை போய்விடும். மேனேஜர் திரும்பிப் போனார். அன்றைக்கு ஆரம்பித்தது அவர்கள் இருவருக்கும் பகை.

"கை மேல பழி போடாதே" என்பார் அடிக்கடி. நாங்கள் எதையாவது தப்பாக அடித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டால் உடனே இதைச் சொல்வார். சொல்லிவிட்டு ப்ரோக்ராமைத் திறந்து எங்கே இடிக்கிறது என்று பார்ப்பார். ஒரே இடத்தில் மூன்று பேர் தடுக்கி விழுந்தால் அங்கே பள்ளம் இருக்கிறது என்று அர்த்தம், மூன்று பேருக்கும் கண் தெரியவில்லை என்று அர்த்தம் இல்லை என்பது அவருடைய கட்சி. அழிப்பதற்கான கீயும் சேமிப்பதற்கான கீயும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நான் ஒருநாள் முழுவதும் அடித்ததை ஒரே அமுக்கில் அழித்துவிட்டு அழுதபோது, "இத ரெண்டையும் பக்கத்துல வெச்சவன்தான் அழணும், நீ எதுக்கு அழறே?" என்றார். மறுநாள் அழிக்கிற கீ வேறு மூலைக்குப் போய்விட்டது.

இந்தக் குணத்தோடு வெளியே போனால் சும்மா இருக்குமா? அவரும் நானும் சத்துவாச்சாரியிலிருந்து ஒரே பஸ்ஸில் போவோம். ஒருநாள் ஆற்காட்டில் ஒரு கிழவி கூடையோடு இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கால் படியில், ஒரு கால் அந்தரத்தில். கண்டக்டர் விசில் அடித்துவிட்டார், பஸ் நகர்ந்தது. கிழவி எப்படியோ குதித்துத் தப்பித்தார். கண்டக்டர் சும்மா இருக்காமல், "சீக்கிரம் எறங்கறதில்ல, சாவுகிராக்கி" என்றார். எங்கள் ஸ்டாப் வந்தது. மிஸ் போய்ப் படியில் நின்றார். இறங்கவில்லை.

"எறங்கும்மா."

"எறங்கறேன். விசில் அடி."

"நீ எறங்காம எப்டி அடிக்கறது?"

"அப்பறம் அந்தம்மா எறங்காம எப்டி அடிச்சே? ஏத்தும்போது பாக்கறே இல்ல, எறக்கும்போதும் பாரு."

பஸ்ஸே அவரைப் பார்த்தது. எனக்கு மானம் போனது, முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. கண்டக்டர், "சரிம்மா, பேஜார் பண்ணாதே, இனிமே பாத்து அடிக்கறேன்" என்று சொன்ன பிறகுதான் இறங்கினார். அதற்குப் பிறகு அந்தக் கண்டக்டர் எங்களைப் பார்த்தால் விசிலை வாயிலிருந்தே எடுத்துவிடுவார்.

இப்போது ஏழுமலை அண்ணன் கதைக்கு வருகிறேன். மிஸ்ஸை நினைத்தால் அவர் இல்லாமல் நினைக்க முடியாது.

ஏழுமலை அண்ணன் பிரஸ் செக்‌ஷனில் பல வருஷமாக நின்றவர். பதனிட்ட தோலைச் சூடான தட்டுக்குக் கீழே வைத்து அழுத்திப் பளபளப்பு ஏற்றுகிற மெஷின் அது. அதில் வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். விசாரணை வைத்து, 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று முடித்துவிட்டார்கள். யூனியன்காரர்கள் விடவில்லை. லேசான வேலை கொடுப்பதாகக் கம்பெனி ஒத்துக்கொண்டது. மேனேஜர் யோசித்துப் பார்த்து அவருக்குக் கொடுத்த லேசான வேலை, கம்ப்யூட்டரில் தோல் வரவைப் பதிவது.

விரல் போன ஆளுக்குக் கீபோர்டு. இதைவிடக் குரூரமாக யோசிக்க எனக்குத் தெரியவில்லை. மேனேஜர் அதை ஒளிக்கவும் இல்லை. "ஒரு மாசம் பாக்கலாம். முதலாளி முன்னாடி உக்காந்து செஞ்சு காட்டட்டும். முடியலன்னா அவரே எழுதிக் குடுத்துட்டுப் போய்டுவார்" என்று எங்கள் காதுபடவே சொன்னார். வீட்டில் படிக்கிற பெண்கள் இரண்டு பேர், சம்பாதிக்கிறவர் அவர் ஒருவர்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஏழுமலை அண்ணன் வந்த அன்று வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உடனே உள்ளே வரவில்லை. குழாயடிக்குப் போய்க் காலைக் கழுவிவிட்டு வந்தார். அப்படியும் பிரஸ் ஓடுகிற தோல் ஷாப்பின் வாடை அவரோடு கூடவே வந்தது. யாரோ மூக்கைத் தொட்டார்கள். மிஸ் தன் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "வாங்கண்ணா, உக்காருங்க" என்றார்.

அண்ணன் இடது கை ஆள்காட்டி விரலால் ஆரோ கீயை அமுக்கினார். அமுக்கியவர் விடவில்லை. பட்டை சரசரவென்று கீழே ஓடி மறுபடி மேலே வந்து மறுபடி ஓடியது. பயந்துபோய் என்டரை அமுக்கினார். அதையும் விடவில்லை. மெனுவுக்குள் மெனு, அதற்குள் மெனு என்று எங்கோ போய், நாங்களே பார்க்காத ஒரு திரை வந்து நின்றது. அதோடு கம்ப்யூட்டர் 'பீப் பீப் பீப்' என்று கத்த ஆரம்பித்தது. மிஸ் எடுத்தது ப்ரோக்ராம் போட்ட சத்தத்தை. இது மெஷினே போடுகிற சத்தம். கீயை விடாமல் அமுக்கினால் அது ஒவ்வொன்றாக உள்ளே சேர்ந்து, இடம் நிறைந்ததும் மெஷின் கத்தும்.

"யாரு?" என்று கண்ணாடிக்குள்ளிருந்து குரல் வந்தது. எத்தனையோ நாள் கழித்து அந்த வார்த்தையைச் சொன்ன சந்தோஷம் அதில் தெரிந்தது.

நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். "தட்டிட்டு எடுத்துடுங்கண்ணா, டக்குன்னு." அவரும் தட்டித் தட்டிப் பழகினார். கொஞ்ச நேரம் நன்றாக வரும். கவனம் நம்பர் பக்கம் போனதும் விரல் தன்பாட்டுக்குக் கீ மேல் அழுத்தமாக உட்கார்ந்துவிடும். ஏசி அறையில் அவருக்குச் சட்டை நனைந்தது. எனக்கு அவர் மேல் பரிதாபமும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது.

மிஸ்தான் கேட்டார். "ஏண்ணா கையை எடுக்க மாட்டேங்குது?"

"விட்டா தோலு பாழாய்டும்மா" என்றார் அவர். சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டுச் சிரித்தார். "இங்க தோலு இல்ல, தெரியுது. கைக்குத் தெரிய மாட்டேங்குது."

பிறகுதான் சொன்னார். பிரஸ்ஸில் இரண்டு பட்டன் உண்டு, கைக்கு ஒன்று. இரண்டையும் அமுக்கிப் பிடித்தால்தான் தட்டு இறங்கும். இறங்கி அழுத்தி மறுபடி ஏறும் வரைக்கும் பிடித்தே இருக்க வேண்டும். நடுவில் விட்டால் தட்டு நின்றுவிடும், தோலில் தழும்பு விழும், சூப்பர்வைசர் கண்டபடி திட்டுவான். இரண்டு கையும் பட்டனில் இருப்பதால் தட்டுக்குக் கீழே கை போகாது, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அடுத்த தோலை எடுத்து வைக்க முடியாது. ஆர்டர் அவசரம் என்று ஒரு பட்டனைத் தோல்வாரால் இழுத்துக் கட்டிவிட்டார்கள். ஒரு கையால் ஒரு பட்டனைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கையால் தோலை வைக்க வேண்டும். ஒருநாள் வலது கை வெளியே வருவதற்கு முன்னால் தட்டு இறங்கிவிட்டது.

"விசாரணைல அந்தத் தோல்வாரைப் பத்திச் சொன்னீங்களா?"

"சொன்னேன். அப்டி ஒண்ணு கட்டவே இல்லன்னுட்டாங்க. இப்பவும் கட்டித்தாம்மா ஓடுது."

மிஸ்ஸின் முகம் சிவந்திருந்தது. பிறகு, "அண்ணா, நீங்க இனிமே தட்டிப் பழக வேணாம். அமுக்கியே பிடிங்க. ஒரு மெஷின் உங்க கையை அதட்டி வெச்சிருக்கு. இன்னொரு மெஷின் வேற அதட்டணுமா? கை மாறாது, இந்த மெஷின் மாறும். இத நான் மாத்தறேன்" என்றார்.

நாலைந்து நாள் யாரிடமும் பேச்சில்லை. டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட மறந்துபோவார். ஒரு மத்தியானம், "இங்க வா, டைப்பிஸ்ட்டம்மா" என்று கத்தினார். திரையில் வெறும் நம்பர்களாக ஓடுகிற ஒரு சின்ன ப்ரோக்ராம்.

"என்டரை அமுக்கு. விடாதே."

அமுக்கினேன். இருபத்தெட்டு, இருபத்தெட்டு, இருபத்தெட்டு என்று திரை பூராவும் வந்துகொண்டே இருந்தது.

"இப்ப கையை எடு."

எடுத்தேன். கடைசியாக ஒரே ஒரு நூற்றைம்பத்தாறு வந்தது. அதோடு நின்றது.

"பாத்தியா? கையை வெச்சா ஒரு நம்பர், எடுத்தா வேற நம்பர். ஒவ்வொரு கீக்கும் இப்டி ரெண்டு இருக்கு. எடுத்துட்டாங்கன்னு கீபோர்டு சொல்லிட்டேதான் இருக்கு. மெனு எழுதினவங்க ஒருத்தரும் அத காதுல வாங்கல." அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை. எனக்கும் சிலிர்த்தது. வருஷக்கணக்காக அந்தக் கீபோர்டைத் தட்டுகிறேன், விரலை எடுப்பதையும் அது கவனிக்கிறது என்று நான் நினைத்ததே இல்லை.

மெனு முழுவதையும் திருப்பி எழுதினார். ஆரோ கீயை எவ்வளவு நேரம் அமுக்கிப் பிடித்தாலும் பட்டை ஒரே ஒரு வரிதான் நகரும். என்டரை அமுக்கினால் அந்த வரி பிரகாசமாகி நிற்கும், விரலை எடுத்த பிறகுதான் உள்ளே போகும். பிடித்திருக்கும்போதே மனசு மாறினால் எஸ்கேப் கீயைத் தொட்டால் போதும், ஒன்றும் நடக்காது. கீகள் உள்ளே போய்ச் சேர்வதே இல்லை என்பதால் மெஷினும் கத்தவில்லை. ஏழுமலை அண்ணன் உட்கார்ந்தார். அமுக்கினார், பிடித்தார், பார்த்தார், விட்டார். ஒரு வரவு பதிவானது. இன்னொன்று பதிவானது. பின்னால் திரும்பி, "தோலு பாழாவல" என்றார்.

என்னால் மட்டும் சும்மா இருக்க முடியவில்லை. "மிஸ், முன்னாடி நான் கீயைப் பிடிச்சுக்கிட்டே கடகடன்னு கடைசி வரிக்குப் போய்டுவேன். இப்ப ஒவ்வொரு வாட்டியும் அமுக்க வேண்டியிருக்கு, ஸ்பீடு போச்சு" என்றேன்.

"கடைசிக்குப் போக எண்ட் கீ இருக்கு. அத அமுக்கு. உன் ஸ்பீடுக்காக அவரை அனுப்பணுமா?" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு மவுஸ் கொண்டுவந்தார். சோப்புக்கட்டி அளவு, வால் மாதிரி ஒயர், அடியில் ஒரு ரப்பர் உருண்டை. மேனேஜருக்குக் குஷி. "இனிமே எல்லாருக்கும் இதுதான். வலது கையால பிடிச்சு விரலால அமுக்கணும்" என்று ஏழுமலை அண்ணன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மிஸ் மவுஸை வாங்கி, அண்ணனுக்கு இடது பக்கத்தில் வைத்தார். எங்கள் மெனுவில் எழுத்தைத் தவிர வேறொன்றும் இல்லையே, அதில் மவுஸ் எங்கே ஓடும் என்று நான் கேட்டேன். எழுத்து எழுத்தாகத் தாவுகிற ஒரு சின்னக் கட்டமாக அதை ஓடவிட்டார். இரண்டு பட்டனில் எதை அமுக்கினாலும் வேலை செய்யும். அமுக்கிப் பிடித்தபடி இழுத்தால் பச்சைப் பட்டையும் கூடவே வரும், எந்த வரியில் கையை எடுக்கிறோமோ அந்த வரி திறக்கும். எங்களுக்கெல்லாம் அந்தச் சனியன் மேஜையை விட்டு ஓடியது. அமுக்கிப் பிடிப்பதிலேயே ஊறிய ஏழுமலை அண்ணன் அதை முதல் தடவையே ஓட்டிவிட்டார்.

மேனேஜர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசாமல் இருந்ததே எனக்குச் சரியாகப் படவில்லை.

மாசம் முடிந்தது. முதலாளி வந்தார். வாசலில் ஷூவைக் கழற்றினார். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எதையும் மேனேஜர் கண்ணால் பார்த்துப் பழகியவர். வாய்ப்புக் கிடைத்தால், "நானும் சின்ன வயசுல எங்கப்பாவோட பிரஸ்ல நின்னவன்தான்" என்று ஆரம்பித்துவிடுவார். அந்தக் கதையைப் பத்து தடவையாவது நாங்கள் கேட்டிருப்போம்.

ஏழுமலை அண்ணன் உட்கார்ந்தார். திரை வந்தது. பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. பழைய மெட்ராஸ் மெனு! மிஸ் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஸ்டாண்டர்டு ப்ரோக்ராம்தான் சார் போட்டிருக்கேன்" என்று மேனேஜர் முதலாளியிடம் சொன்னார். "பழைய ஃப்ளாப்பி பத்திரமா வெச்சிருந்தேன். ஒரு ஆளுக்காக எழுதினதுல பாத்தா அது டெஸ்ட் இல்லையே."

ஏழுமலை அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. மவுஸை நகர்த்தினார், கட்டம் வரவில்லை. கீயை அமுக்கினார், பிடித்தார். பட்டை ஓடியது. 'பீப்'. என்டரை அமுக்கினார். 'பீப் பீப் பீப்'. வலது கையில் மிச்சமிருந்த இரண்டு விரலை மடியில் ஒளித்துக்கொண்டார். முதலாளி உச்சுக்கொட்டினார்.

"பாவம்தான். கை வராதுபோல இருக்கே" என்றார்.

"அதான் சார் நானும் சொன்னேன்" என்றார் மேனேஜர். அந்த நேரம் கண்ணாடிக்குள் டெலிபோன் அடித்தது. மெட்ராஸிலிருந்து டிரங்க் கால். ஓடிப்போய் எடுத்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

மிஸ் முதலாளிக்கு எதிரில் போய் நின்றார். "சார், நீங்க கொஞ்சம் உக்காருங்க."

"நானா? எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா."

"தெரிய வேணாம். ஒரே ஒரு லாட் வரவு. ஆரோவை அமுக்கி முதல் வரிக்கு வந்து என்டர் அடிங்க. அவ்ளோதான்."

ஏழுமலை அண்ணன் எழுந்து நாற்காலியை விட்டார். முதலாளி சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். ஆள்காட்டி விரலை ஆரோ மேல் வைத்தார். வைத்தவர், எடுக்கவில்லை! பட்டை தலைதெறிக்க ஓடியது. திடுக்கிட்டு என்டரில் கை வைத்தார், கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவர் காலத்துப் பிரஸ்ஸில் பட்டன் இல்லை, இரும்புப் பிடி. அதையும் தோல் வெளியே வரும் வரைக்கும் விடக்கூடாது. 'பீப் பீப் பீப் பீப்' என்று கம்ப்யூட்டர் அலறியது.

கண்ணாடிக்குள்ளிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், டெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு மேனேஜர் கத்தினார். "யாரு?"

முதலாளி என்டரிலிருந்து கட்டைவிரலை எடுத்தார்.

"நான்தான்யா" என்றார் முதலாளி.

மேனேஜர் திரும்பினார். அந்த முகத்தை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன், மறக்க எனக்கு விருப்பமும் இல்லை. முதலாளி தன் விரலையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஏழுமலை அண்ணனைப் பார்த்தார். "அந்தம்மா போட்டதையே போடுங்க. இவர் இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லி எழுந்தார்.

நாங்கள் கைதட்டாத குறை. வேறு யாராக இருந்தாலும் அதோடு முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். மிஸ் போகவில்லை.

"சார், இந்த மெஷினைத் திருத்தியாச்சு. பிரஸ்ல இன்னும் பட்டனைத் தோல்வாரால கட்டித்தான் ஓட்டறாங்க. இவரு விரல் அதுலதான் போச்சு. இவரு கவனக்குறைவுன்னு எழுதி வெச்சிருக்காங்க."

"அது ப்ரொடக்‌ஷன் விஷயம். உன் வேலை இல்ல" என்று மேனேஜர் ஓடிவந்தார். முதலாளி ஷூவுக்குள் காலை விட்டபடி, "பாக்கலாம்மா, பாக்கலாம்" என்றார்.

"பாக்க என்ன சார் இருக்கு? வாங்க, காட்டறேன்."

பிரிண்டர் பேப்பர் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். செருப்புகூடப் போடவில்லை. ஏசி அறையிலிருந்து அப்படியே வெறுங்காலோடு, ஈரமும் சுண்ணாம்புமாகக் கிடந்த ஷாப் தரையில் நடந்தார். நாங்கள் எல்லாரும் பின்னாலேயே ஓடினோம், முதலாளியும் வந்தார். பிரஸ் செக்‌ஷனில் வரிசையாக மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பட்டன் மேல் தோல்வார் இறுக்கிக் கட்டியிருந்தது. அவர் முதல் மெஷினை நிறுத்தச் சொல்லி, வாரை வெட்டிக் கீழே போட்டார்.

"இன்னாம்மா பண்றே? ஆர்டர் இருக்குது" என்று சூப்பர்வைசர் கத்தினான்.

"விரலும் இருக்குது" என்றார் மிஸ். அடுத்த மெஷினுக்குப் போனார்.

யாரும் தடுக்கவில்லை. முதலாளி அங்கேயே நின்று பார்த்தார், நிறுத்து என்று சொல்லவில்லை. நடத்து என்றும் சொல்லவில்லை. கடைசி மெஷின் ஏழுமலை அண்ணன் நின்ற மெஷின். அதன் முன்னால் வந்ததும் மிஸ் கத்தரிக்கோலைத் திருப்பி அவரிடம் நீட்டினார். அவர் இடது கையால் வாங்கினார். தோல் கெட்டியாக இருந்தது. மெதுவாக, இரண்டு மூன்று தடவை வெட்டி, அறுத்துப் போட்டார். அவருக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும்தான்.

மிஸ் அப்போது வேலை நிரந்தரமாகாதவர். நிரந்தரமாக்குகிற நேரம் வந்தபோது, தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் நான் அழுதேன். "நீங்க அன்னிக்கு பிரஸ் பக்கம் போகாம இருந்திருந்தா இன்னும் இங்கதான் இருப்பீங்க மிஸ்" என்றேன்.

"இருந்து? அந்தாளு மூஞ்சியப் பாத்துக்கிட்டா?" என்றார். "நீ அழாதே. பீப் போடற மெஷின் ஊரெல்லாம் இருக்கு. எனக்கு வேலையா கெடைக்காது?" பெங்களூர் பக்கம் போனதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு மேல் தெரியாது.

மேனேஜர் மிஸ்ஸின் மெனுவை எடுத்துவிட்டு வேறு மெனு எழுத மெட்ராஸிலிருந்து ஆள் வரவழைத்துப் பார்த்தார். முதலாளி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிரஸ்ஸில் மறுபடி தோல்வார் கட்டப் பார்த்தபோது அங்கே இருந்தவர்களே, "கம்ப்யூட்டர் ரூம்ல போய்க் கத்தரிக்கோல் வாங்கிட்டு வாடா" என்று குரல் கொடுத்தார்களாம். அதோடு சூப்பர்வைசர் விட்டுவிட்டான். விசாரணையில் எழுதியதை மட்டும் யாரும் திருத்தவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

ஏழுமலை அண்ணன் ரிட்டயர் ஆகும் வரைக்கும் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்து வேலை பார்த்தார். இரண்டு பெண்களையும் படிக்க வைத்தார். கீயைத் தட்டிவிட்டு எடுக்க அவர் கடைசிவரை பழகவே இல்லை. அமுக்கினால் ஆற அமரப் பிடித்துக்கொண்டு, திரையை நன்றாகப் பார்த்துவிட்டு, தனக்குச் சரி என்று பட்ட பிறகுதான் விரலை எடுப்பார். அதுவரைக்கும் அந்த மெஷின் வாயைத் திறக்காமல் காத்துக்கொண்டிருக்கும்.